கல்கத்தா மெட்ரோபாலிட்டன் யாருக்கு மேல் அதிகாரி?

கேள்வி: 4 ஜூன், மாலை 6.10

எங்கள் சபையின் பழைய ஆண்டு மலர் ஒன்றைப் புரட்டியபோது, "கல்கத்தா மெட்ரோபாலிட்டன் அவர்களின் சம்மதத்தோடு" என்ற வரி இரண்டு இடங்களில் கண்ணில் பட்டது. சென்னையிலேயே ஒரு பேராயர் இருக்கும்போது கல்கத்தாவில் இருந்தவருடைய சம்மதம் எதற்கு? கத்தோலிக்கரிடம் ஆயருக்கு மேல் பேராயர் இருக்கிறாரே, அதைப் போலவா? என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஆங்கில அரசு சம்பளம் கொடுத்து உட்கார வைத்த ஓர் உயர் அதிகாரி. நம்முடைய சபைகளுக்கும் அவருக்கும் உள்ளபடி எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. தவறு என்றால் விளக்கமாக எழுதுங்கள்.

4 ஜூன், இரவு 9.35

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேச்சு முழுவதும் சிக்கலாகிவிடும். கத்தோலிக்கத் தமிழில் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். உயர்மறைமாவட்டத்தின் தலைவர் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு திருமண்டலத்தின் தலைவரையே பேராயர் என்கிறோம். ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு படிகளைக் குறிக்கிறது. என் பாட்டியின் தலைமுறையில் பேராயர் என்ற சொல்லே புழங்கவில்லை. அவர்களுக்கு அவர் "அத்தியட்சர் ஐயா", ஆங்கிலத்தில் பிஷப். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் இதே பதவி "கண்காணி" என்று வருகிறது.

மெட்ரோபாலிட்டன் என்பவர் அத்தியட்சர்களுக்குள் தலைமை அத்தியட்சர். ஆங்கிலிக்கன் திருச்சபை இந்தியாவில் இருந்த காலத்தில் அந்த இடம் கல்கத்தா பிஷப்புக்கு உரியது. ஆனாலும் அவர் ஆர்ச்பிஷப் என்று அழைக்கப்படவில்லை. "கல்கத்தா பிஷப், இந்தியாவின் மெட்ரோபாலிட்டன்" என்பதே அவருடைய பட்டம்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயத்தை நாடாளுமன்றம் புதுப்பித்தபோது, இந்தியா முழுமைக்கும் ஒரு பிஷப்பும் அவருக்குக் கீழே மூன்று ஆர்ச்டீக்கன்களும் (பிஷப்புக்கு அடுத்த நிலையில் நிர்வாகம் பார்க்கும் குருக்கள்) இருக்கலாம் என்று அனுமதித்தது. பிஷப்புக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு, ஆர்ச்டீக்கனுக்கு 2,000 பவுண்டு. இந்தப் பணம் இங்கிலாந்துத் திருச்சபையின் காணிக்கைப் பெட்டியிலிருந்து வரவில்லை. இந்த மண்ணில் வசூலான வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது. 1814 மே 8-ஆம் தேதி லண்டனில் லாம்பெத் அரண்மனையின் சிற்றாலயத்தில் தாமஸ் ஃபான்ஷா மிடில்டன் முதல் பிஷப்பாக அருட்பொழிவு பெற்றார். அன்று முதல் கல்கத்தா பிஷப் இந்தியாவின் மெட்ரோபாலிட்டன். இலங்கையும் ஆஸ்திரேலியாவும்கூட அவருடைய ஆளுகைக்குள் இருந்தன.

மற்றவற்றை நாளைக்கு எழுதுகிறேன். தொடர்பே இல்லை என்று நீங்கள் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

5 ஜூன், காலை 7.20

இரவு அவசரத்தில் எழுதியதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

மிடில்டன் மெட்ரோபாலிட்டன் அல்லர். தனக்குக் கீழே வேறு அத்தியட்சர்கள் இல்லாத ஒருவர் மெட்ரோபாலிட்டனாக இருக்க முடியாது. 1833-இன் பட்டயச் சட்டம் சென்னைக்கும் பம்பாய்க்கும் தனித்தனி பிஷப்புகளை அனுமதித்தது. 1835-இல் சென்னைக்கு டேனியல் காரி வந்தார், 1837-இல் பம்பாய்க்குத் தாமஸ் கார் வந்தார். சென்னை தனியாகப் பிரிந்தபோதுதான் கல்கத்தா பிஷப் மெட்ரோபாலிட்டன் ஆனார். அப்போது பதவியில் இருந்தவர் ஐந்தாவது பிஷப்பான டேனியல் வில்சன்.

ஆஸ்திரேலியாவும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்திருக்கவில்லை. 1824-இல்தான் நியூ சவுத் வேல்ஸ் ஓர் ஆர்ச்டீக்கனின் பகுதியாகக் கல்கத்தாவோடு இணைக்கப்பட்டது. 1836-இல் அதற்குத் தனி பிஷப் கிடைத்தார்.

5 ஜூன், இரவு 10.15

மிடில்டனுக்கு வரைபடத்தில் இருந்த பரப்பையும் நடைமுறையில் இருந்த அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து கன்னியாகுமரி வரை அவருக்கு உட்பட்டது. ஆனால் இந்த நாட்டில் பிறந்த ஒருவர் தலைமேல் கைவைத்துக் குருவாக்கத் தமக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்கே உறுதியில்லை. அரசர் கொடுத்த ஆணைப் பட்டயம் அதற்கு இடம் தரவில்லை என்றே அவர் கருதினார். பிஷப்பின் பணி என்று நாம் நினைப்பதில் முதலாவது குருக்களை ஏற்படுத்துவது. மக்களிடமிருந்து குருவை எடுக்க முடியாத பிஷப், அந்த மக்களின் பிஷப் ஆவது எப்படி? எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1820-இல் கல்கத்தாவில் பிஷப்ஸ் கல்லூரிக்கு அவர் அடிக்கல் நாட்டினார், அதில் படிப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் கைவைக்கலாம் என்ற நம்பிக்கையோடு. 1822 ஜூலையில் இறந்துபோனார்.

1823-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் அந்தத் தடையை நீக்கியது. அடுத்து வந்த ரெஜினால்டு ஹீபர் 1824-இல் கல்கத்தாவில் குருப்பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர், தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்தவர். இந்த நாட்டவரில் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற முதல் சிலருள் ஒருவர் தமிழர். அவருக்குக் கைவைத்தவர் கல்கத்தா பிஷப். தொடர்பு இல்லை என்ற உங்கள் கருத்துக்கு என் முதல் பதில் இதுதான்.

7 ஜூன், பகல் 2.05

ஹீபரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதாமல் என்னால் நகர முடியவில்லை.

நான் திருச்சியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். தூய யோவான் ஆலயத்துக்கு முதன்முதலாகப் போனது ஒரு கோடைக்காலப் பிற்பகலில். வெளியே கண்கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. பீடத்துக்கு அருகில் ஹீபரை அடக்கம் செய்த இடத்தைக் காட்டினார்கள். ஒரு மனிதர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து முடிந்திருக்கிறார் என்பது அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

1826 ஜனவரி கடைசியில் அவர் கல்கத்தாவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சென்னை வழியாகத் தஞ்சாவூருக்கு வந்து, மார்ச் 26-ஆம் தேதி ஈஸ்டர் பண்டிகையை அங்கே ஆசரித்தார். சுவார்ட்ஸிடம் கல்வி கற்ற சரபோஜி மன்னரைச் சந்தித்தார். தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல் பிஷப் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்தியபோது ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். பிறகு திருச்சிக்கு வந்து, ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் கோட்டைப் பகுதியில் இருந்த தமிழ்ச் சபையில் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். குளிக்க இறங்கிய நீர்த்தொட்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 42.

இன்று அந்த ஊரில் அவருடைய பெயரில் கல்லூரி இருக்கிறது, பள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் கல்கத்தா பிஷப் என்பது தெரியும் என்று சொல்ல முடியவில்லை. மூன்று ஆண்டுகள் அந்தத் தெரு வழியாகவே போய்வந்த எனக்கும் முதலில் தெரியாது.

7 ஜூன், பகல் 2.40

விட்டுப்போனது. ஹீபருக்குப் பின் வந்த ஜேம்ஸ் 1828-இல் கடற்பயணத்தில் இறந்தார். அவருக்குப் பின் வந்த டர்னர் 1831-இல் இறந்தார். 1814-க்கும் 1831-க்கும் இடையில் நான்கு பிஷப்புகள் பதவியிலேயே மரணமடைந்திருக்கிறார்கள். ஒரு பிஷப் இறந்து, செய்தி கப்பலில் இங்கிலாந்துக்குப் போய், மறு நியமனம் நடந்து, புதியவர் கப்பலில் வந்து இறங்கும்வரை திடப்படுத்தலும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. சென்னைக்குத் தனி பிஷப் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது.

9 ஜூன், இரவு 9.00

டேனியல் வில்சனைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தமிழ்ச் சபைகளின் உள்வாழ்க்கையை நேராகத் தொட்ட கல்கத்தா பிஷப் என்றால் அவர்தான்.

அன்றைக்குத் தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகளில் சாதி வாரியாக உட்காருவதும், திருவிருந்துக்குச் சாதி வரிசைப்படி வருவதும் வழக்கமாக இருந்தன. பழைய லுத்தரன் மிஷனரிகள் இதைப் பெரும்பாலும் பொறுத்துப் போனார்கள். ஹீபரும் விசாரித்துப் பார்த்தவரைக்கும் மென்மையான போக்கையே கைக்கொண்டார். சமூக வழக்கம் வேறு, மத வழக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க முயன்றார். வில்சன் பிரிக்கவில்லை. 1833 ஜூலையில் அவர் எழுதிய கடிதம், சபைக்குள் சாதி வேறுபாட்டைத் திட்டமாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் விட்டுவிட வேண்டும் என்று சொன்னது. அந்தக் கடிதம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் அவரே நேரில் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்து பேசினார்.

என் தாத்தாவின் வழி தஞ்சாவூர்ச் சபை. வெளியே போன குடும்பங்களைப் பற்றியும் திரும்பி வந்தவர்களைப் பற்றியும் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்திலேயே பதில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். வில்சனின் கடிதத்தால் சாதி சபையை விட்டுப் போய்விடவில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அது இருப்பதைப் பார்க்கிறோம். ஆனாலும் சபையின் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று தலைமையிலிருந்து ஒருவர் எழுத்தில் சொன்னது சிறிய காரியம் அன்று. அதற்கு முன்பு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

10 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. 1833-இல் அந்தக் கடிதத்தை எழுதியபோது வில்சன் மெட்ரோபாலிட்டன் அல்லர். தஞ்சாவூரும் அவருடைய சொந்த அத்தியட்சாதீனத்துக்குள்தான், அதாவது அவர் நேரடியாக ஆளும் பகுதிக்குள்தான் இருந்தது. அதனால்தான் அவரால் நேரடியாகக் கட்டளையிட முடிந்தது. 1835-இல் சென்னை பிரிந்த பிறகு அதே கடிதத்தை அவர் தஞ்சாவூருக்கு எழுதியிருக்க முடியாது. சென்னை பிஷப்தான் எழுத வேண்டும். மெட்ரோபாலிட்டன் என்ற உயர்ந்த பெயர் வந்தபோது அவர் கை எட்டும் தூரம் குறைந்துவிட்டது.

இந்தப் பதவியின் வரலாறு முழுவதிலும் இதுதான் நடந்திருக்கிறது. கொழும்புக்கு 1845-இல் தனி பிஷப், லாகூருக்கும் ரங்கூனுக்கும் 1877-இல், திருவிதாங்கூர்-கொச்சிக்கு 1879-இல், சோட்டா நாக்பூருக்கு 1890-இல், லக்னோவுக்கு 1893-இல். ஒவ்வொரு புதிய அத்தியட்சாதீனமும் பிறந்தபோது கல்கத்தாவின் நேரடி ஆளுகை சுருங்கியது, அல்லது சுருங்கிய ஆளுகையிலிருந்து இன்னொன்று கிளைத்தது.

10 ஜூன், இரவு 8.30

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் சென்னை பிஷப்புக்கு மெட்ரோபாலிட்டன் உத்தரவு போட முடியுமா, முடியாதா?"

அன்றாட நிர்வாகத்தில் முடியாது. எந்தச் சேகரத்துக்கு எந்தக் குருவானவர், எந்தக் கிராமத்தில் ஆலயம் என்பவை அந்தந்த அத்தியட்சரின் பொறுப்பு. மெட்ரோபாலிட்டனுக்கு உரியவை வேறு. புதிய அத்தியட்சர்களுக்கு அருட்பொழிவு செய்வதில் தலைமை வகிப்பது, அவருக்கு உட்பட்ட திருச்சபை மாகாணத்தின் அத்தியட்சர்கள் கூடும்போது தலைமையில் அமர்வது, ஓர் அத்தியட்சரின் தீர்ப்பின்மேல் வரும் மேல்முறையீட்டைக் கேட்பது, அத்தியட்சாதீனங்களை மேற்பார்வைக்காகச் சென்று பார்ப்பது. அவருக்கும் மேலே கேன்டர்பரி ஆர்ச்பிஷப் இருந்தார். அவருக்குக் கீழ்ப்படிவதாக மெட்ரோபாலிட்டன் உறுதி கூற வேண்டும்.

இந்தப் பயணங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வில்சனுக்குப் பின் வந்த ஜார்ஜ் காட்டன், சிம்லாவிலும் பெங்களூரிலும் பள்ளிகளுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர், 1866 அக்டோபர் 6-ஆம் தேதி வங்காளத்தில் குஷ்தியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் கால் தவறி ஆற்றில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அடுத்தவரான மில்மன் 1876-இல் ராவல்பிண்டியில், பயணத்தின் நடுவில் இறந்தார்.

12 ஜூன், இரவு 11.10

திருநெல்வேலிக்கு வருகிறேன், என்னுடைய தாய்வழி.

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சபைகள் வளர்ந்த வேகத்துக்கு, சென்னையிலிருந்து ஓர் அத்தியட்சர் வந்து வந்து போவது போதவில்லை. யார் கைவைப்பது என்ற கேள்வி அங்கே முன்பே ஒரு பிளவை உண்டாக்கியிருந்தது. அங்கே மிஷனரியாக இருந்த ரேனியஸ் ஐயர் லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். தாம் பயிற்சி கொடுத்த உபதேசியார்களுக்குத் தாமும் உடன் மிஷனரிகளும் கைவைத்தால் போதும் என்று நினைத்தார். அவரை அனுப்பிய மிஷனரிச் சங்கமோ பிஷப்பின் கைதான் வேண்டும் என்றது. 1835-இல் அவர் சங்கத்தை விட்டு நீங்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1877-இல் ஒரு பாதி வழி கண்டுபிடித்தார்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லும் பாளையங்கோட்டையில் இருந்த சார்ஜென்டும் சென்னை பிஷப்பின் துணை அத்தியட்சர்களாக நியமிக்கப்பட்டார்கள். இருவரும் கல்கத்தாவுக்குப் பயணப்பட்டு, மார்ச் 11-ஆம் தேதி தூய பவுல் பேராலயத்தில் அருட்பொழிவு பெற்றார்கள். தமிழைப் பற்றி எழுதியவராகவே நாம் அறிந்த கால்டுவெல், அத்தியட்சர் ஆவதற்குக் கல்கத்தா வரை போக வேண்டியிருந்தது என்பது உங்கள் கேள்விக்கு நேரான பதில். மெட்ரோபாலிட்டன் இருக்கும் இடத்துக்குப் போனால்தான் அது நிறைவேறும்.

என் தாயின் ஊரில் சார்ஜென்டின் பெயர் இன்றும் புழங்குகிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு துணை அத்தியட்சர்கள் இருந்தார்கள், ஒருவர் ஒரு சங்கத்தின் சபைகளுக்கு, மற்றவர் மறு சங்கத்தின் சபைகளுக்கு. சிறுவயதில் இதைக் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. ஒரே ஆண்டவர், ஒரே ஜெபப் புத்தகம், பிறகு எதற்கு இரண்டு அத்தியட்சர்கள்? இப்போது காரணம் தெரிகிறது. ஆனாலும் அது சரியாக இருந்தது என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

13 ஜூன், காலை 8.00

முன்பதிவில் "திருநெல்வேலிக்கு அத்தியட்சர் கிடைத்துவிட்டார்" என்ற எண்ணம் யாருக்கும் வந்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். கால்டுவெல்லும் சார்ஜென்டும் கடைசிவரை துணை அத்தியட்சர்கள்தான். திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் ஆனது 1896-இல், சாமுவேல் மார்லி வந்தபோது. அப்போது அந்த இருவருமே உயிரோடு இல்லை.

15 ஜூன், இரவு 9.45

1912 டிசம்பர் 29. அதே தூய பவுல் பேராலயம். வெள்ளாளன்விளையில் ஓர் ஏழைக் குருவானவரின் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அருட்பொழிவு பெற்றார். தலைமை வகித்தவர் மெட்ரோபாலிட்டன் ரெஜினால்டு கோப்பிள்ஸ்டன், அதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழும்பு பிஷப்பாக இருந்தவர். இதற்காக விடாமல் முயன்றவர் சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட். அசரியாவுக்குக் கொடுக்கப்பட்டது திருநெல்வேலி அன்று. தெலுங்கு நாட்டில், நிஜாமின் ஆட்சிக்குள் இருந்த டோர்னக்கல். ஆங்கிலேயர்களுக்கு மேல் ஓர் இந்தியரை அத்தியட்சராக வைப்பதை ஏற்காதவர்கள் அன்று பலர் இருந்தார்கள்.

ஹீபர் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்ததிலிருந்து ஒரு தமிழர் அத்தியட்சர் ஆகும்வரை 88 ஆண்டுகள். அசரியா 1945 ஜனவரி 1-ஆம் தேதி வரை, இறக்கும் நாள்வரை, டோர்னக்கலிலேயே இருந்தார். கல்கத்தாவுக்கு அவரை அழைக்கவில்லை. முதல் இந்திய மெட்ரோபாலிட்டன் அரபிந்தோ நாத் முகர்ஜி 1950-இல்தான் வந்தார். தமிழர் எவரும் அந்த இருக்கையில் அமர்ந்ததே இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

16 ஜூன், மாலை 5.30

முதல் கேள்வியில் "அரசு அதிகாரி" என்றிருந்தது. சம்பளத்தை மட்டும் வைத்து அதைப் பாதி ஒத்துக்கொண்டேன். இப்போது மீண்டும் யோசிக்கும்போது, சம்பளத்தைவிட நியமனம்தான் முக்கியம் என்று படுகிறது. மெட்ரோபாலிட்டனை அரசர் நியமித்தார், சபை தேர்ந்தெடுக்கவில்லை. அத்தியட்சர்கள் கூடி ஒரு விதி செய்தால்கூட அது யாரைக் கட்டுப்படுத்தும் என்பது தெளிவில்லாமல் இருந்தது, ஏனென்றால் சட்டப்படி அவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் பகுதி. இந்த வகையில் நீங்கள் சொன்னது 1930 வரைக்கும் சரிதான்.

1927-இல் நாடாளுமன்றம் இந்தியத் திருச்சபைச் சட்டத்தை இயற்றியது. 1930 மார்ச் 1-ஆம் தேதி அந்தக் கட்டு அவிழ்ந்தது. இந்திய, பர்மா, இலங்கைத் திருச்சபை தன்னாட்சி பெற்றது. அதற்குப் பின் அத்தியட்சர்களைத் தேர்ந்தெடுப்பது திருச்சபையின் வேலை. அப்போது மெட்ரோபாலிட்டனாக இருந்தவர் ஃபாஸ் வெஸ்ட்காட். 1919-இல் அரசரால் நியமிக்கப்பட்டு வந்து, விடுதலை பெற்ற திருச்சபையின் தலைவராக 1945 வரை இருந்தார். இரண்டு வகையான பதவியையும் ஒரே ஆளாக வகித்தவர் அவர்.

16 ஜூன், இரவு 10.20

ஒரு வேலையாகக் கல்கத்தாவுக்குப் போனபோது அந்தப் பேராலயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வில்சன் 1839-இல் அடிக்கல் நாட்டி 1847-இல் பிரதிஷ்டை செய்தது. அவரும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். மிக அகலமான கூடம், உள்ளே தூண்களே இல்லை, மேலே மின்விசிறிகள் நீண்ட தண்டுகளில் தொங்குகின்றன. கால்டுவெல் முழங்காலிட்டது இந்தத் தரையில், அசரியா முழங்காலிட்டது இந்தத் தரையில் என்று எண்ணியபடியே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தேன். பழைய கூர்ங்கோபுரம் 1934 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டியது கேன்டர்பரிப் பேராலயத்தின் நடுக்கோபுரத்தை மாதிரியாகக் கொண்டது. சட்டப்படி இங்கிலாந்திலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்பினால் அப்படிக் கட்டினார்களா, பழக்கத்தினாலா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அன்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

19 ஜூன், இரவு 9.15

1947-ஐப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை தூய ஜார்ஜ் பேராலயம். சென்னை, டோர்னக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர்-கொச்சி ஆகிய நான்கு ஆங்கிலிக்கன் அத்தியட்சாதீனங்கள், மெதடிஸ்டுகளோடும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளை ஏற்கெனவே இணைத்திருந்த ஐக்கிய சபையோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அதாவது, இந்த நான்கும் மெட்ரோபாலிட்டனின் ஆளுகையை விட்டு வெளியேறின. வெளியேறுவதற்கு இசைவு கொடுத்தது அந்த மாகாணத்தின் பொதுச்சங்கம்தான், 1945-இல். இங்கிலாந்தில் இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள்; அத்தியட்சர் கைவைக்காத குருக்களை அப்படியே ஏற்பதா என்பது அவர்கள் கேள்வி.

ஆனால் அந்த நாளில் நடந்ததைப் பாருங்கள். முன்பே ஆங்கிலிக்கன் அத்தியட்சர்களாக இருந்தவர்கள் புதியவர்கள்மேல் கைவைத்தார்கள். அந்தப் புதியவர்களில் ஒருவர் மதுரை-ராமநாதபுரத்துக்கு வந்த லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரி, பிரஸ்பிட்டேரியன் மரபினர். அத்தியட்சரே இல்லாத மரபிலிருந்து வந்தவருக்கு, கல்கத்தா வழியாக வந்த கைகள் கிடைத்தன. மெட்ரோபாலிட்டனின் ஆளுகை தெற்கில் அன்றோடு முடிந்தது. அவருடைய பதவியின் சாரமான அந்தக் கைவைப்பு முடியவில்லை. இன்றைக்கு நம் திருமண்டலங்களில் பேராயர் ஒருவர் அருட்பொழிவு பெறும்போதும் அது தொடர்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை மெட்ரோபாலிட்டன் என்ற பதவியை வைத்துக்கொள்ளவில்லை. பேராயர்களுக்குள் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பிரதமப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், காலம் முடிந்ததும் இறங்கிவிடுகிறார். முதலாமவர் சென்னைப் பேராயர் மைக்கேல் ஹோலிஸ்.

20 ஜூன், பகல் 1.10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: இலங்கை என்ன ஆனது?

1835-க்கு முன் நீங்களும் கல்கத்தாவுக்கு உட்பட்டவர்கள். பிறகு பத்து ஆண்டுகள் சென்னை பிஷப்புக்கு உட்பட்டிருந்தீர்கள். 1845-இல் கொழும்பு தனியாயிற்று. ஆனாலும் மாகாணம் கல்கத்தாதான். 1950-இல் குருநாகல் இரண்டாவதாக வந்தது. அதன் முதல் அத்தியட்சரான லக்தாச டி மெல் 1962-இல் கல்கத்தாவுக்கு மெட்ரோபாலிட்டனாகப் போனார். அவரோடு அந்தப் பதவி முடிவுக்கு வந்தது. 1970 நவம்பர் 29-ஆம் தேதி நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை தொடங்கியது. பாகிஸ்தானும் பர்மாவும் அதே ஆண்டில் தனித்தனியே பிரிந்தன. கொழும்பும் குருநாகலும் எந்த மாகாணத்திலும் சேராமல் நேரடியாகக் கேன்டர்பரியின் மேற்பார்வைக்குள் சென்றன. கல்கத்தா இன்று வட இந்தியத் திருச்சபையின் அத்தியட்சாதீனங்களுள் ஒன்று.

23 ஜூன், இரவு 8.50

அத்தியட்சர்கள் கையெழுத்திடும் முறையைப் பற்றிப் பேச்சு வந்ததால் அம்மாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அத்தியட்சர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரை எழுதுவதில்லை. தங்கள் அத்தியட்சாதீனத்தின் பெயரை எழுதுவார்கள். வெஸ்ட்காட் "ஃபாஸ் கல்கத்தா" என்று கையெழுத்திட்டவர். பாட்டியின் திடப்படுத்தல் சான்றிதழில் ஓர் ஆங்கிலப் பெயரும் அதன்பின் "திருநெல்வேலி" என்பதும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. சிறுவயதில் நான் இதைக் காட்டி, திருநெல்வேலி அவருடைய அப்பா பெயரா என்று கேட்டபோது பாட்டி சொன்னது நினைவிருக்கிறது: "வாக்கப்பட்டவளுக்குப் புருசன் பேரு வராதா? அத்தியட்சருக்கு ஊருதான்."

அதே பெட்டியில் பாட்டியின் தம்பியுடைய சான்றிதழும் இருந்தது. தேதி 1948. பழைய அச்சுப் படிவத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். தாள் தட்டுப்பாடாக இருந்திருக்கலாம். மேலே அச்சில் இருந்த "இந்திய, பர்மா, இலங்கைத் திருச்சபை" என்பதன் மேல் மசிப் பேனாவால் ஒரே ஒரு கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது. அதற்கு மேலே அழகான கையெழுத்தில் "தென்னிந்தியத் திருச்சபை" என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்து பாட்டியின் சான்றிதழில் இருப்பதைப் போலவே, ஊர்ப்பெயரோடு.

உங்கள் ஆண்டு மலரில் அந்த வரி வரும் இரண்டு இடங்களுக்கும் ஆண்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.